தாமதத்துக்கான கட்டம்

அந்த டீசல் எஞ்சின் ஒரு மாட்டுவண்டியைவிடப் பெரியதல்ல. இரண்டடி அகலத் தண்டவாளத்தில், கல் நிரம்பிய எட்டுத் தொட்டிகளை இழுத்துக்கொண்டு அது சுரங்கத்தைவிட்டு வரும்போது முதலில் புகைதான் தெரியும். தேயிலை மலைகளில், நோர்வூட் என்ற ஊருக்கு அப்பால், மின்சாரத்துக்காக ஆற்றைத் திருப்ப மலையைக் குடைந்துகொண்டிருந்த காலம். சுரங்க வாயிலில் ஒரு தகரக் கொட்டகையில் நேரம் குறிக்கும் கிளாக்கராக இருந்தேன். வண்டி உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், தாமதம் என மூன்று கட்டங்கள். ஒரு நிமிடத்தையும் நான் விட்டதில்லை.

எஞ்சின் டிரைவர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தவர். சுரங்கத்தின் முனையில் கல் அள்ளி முடிக்கும்வரை எஞ்சினை நிறுத்தியே வைப்பார். அங்கே புகை வெளியேற வழியில்லை. அள்ளுகிறவர்களில் ஒருவன் அவர் மனைவியின் தம்பி. ஆனால் அந்தப் பழைய எஞ்சின் ஒருமுறை நின்றால், கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கிளப்பப் பத்து நிமிடமாகும்.

"எங்க அக்காவ எழுப்புறதவிட இது லேசு மச்சான், சுத்துங்க" என்று மைத்துனன் கேலி செய்வானாம்.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் நாள்தோறும் அவர் பெயருக்கு நேரே எழுதிவந்தேன். ஒரு மாலை அவர் கொட்டகைக்கு வந்தார்.

"கிளாக்கர் ஐயா, இன்னும் ஒரு வாரம் இப்படி லேட்டானா வேற ஆளப் போட்டுருவேன்னு சுரங்கத்துத் தொரை சொல்லிட்டாரு. ஆளுகளுக்காக நிப்பாட்டி வச்சதுன்னு ஒரு வார்த்தை சேத்து எழுதுங்களேன்."

"காரணம் எழுத இதுல கட்டம் இல்லையே" என்றேன். பக்கத்தின் ஓரம் முழுவதும் வெறுமையாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து வண்டி நேரத்துக்கு வந்தது. எனக்கு அது திருப்தியாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நான்காம் நாள், உள்ளே காற்று அனுப்பும் விசிறி பழுதாகி நின்றுவிட்டது. கல் அள்ளும்போதும் எஞ்சின் முனையில் நிறுத்தாமல் ஓடியபடியே இருந்திருக்கிறது; புகை உள்ளேயே நிறைந்துவிட்டது. வண்டி வெளியே வந்தபோது, கடைசித் தொட்டியில் கல்லின்மேல் மைத்துனனைக் கிடத்தியிருந்தார்கள். உயிர் இல்லை.

டிரைவர் இறங்கி நேராக என் மேசைக்கு வந்தார்.

"நேரத்துக்கு வந்துட்டேங்க ஐயா. எழுதிக்கங்க."

அந்த மலைக்குள் இப்போது தண்ணீர் ஓடுகிறது. அது தரும் விளக்கின் கீழேதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று அவர் எதிரே நிற்க, கடிகாரத்தைப் பார்த்து, மூன்றாவது கட்டத்தில் 'தாமதம் இல்லை' என்று எழுதினேன். அது சரியாகத்தான் இருந்தது.