கம்பெனி காருக்கு யார் பேரில் அர்ச்சனை?

நண்பர்களே, எனக்கு இன்னும் அதிர்ச்சி அடங்கவில்லை.

கார் அலவன்சை வாங்கினால் சம்பளத்தோடு சேர்த்து முழுசுக்கும் வரி, கம்பெனி காரை எடுத்தால் வரி கொஞ்சம்தான் என்று இந்த மின்னஞ்சல் குழுவில்தானே சொன்னீர்கள்? நம்பி, காரையே எடுத்தேன். "அலவன்ஸ வாங்கி, சொந்தமா ஒண்ணு எடுக்கலாம்லா" என்று என் மனைவி கெஞ்சியும் கேட்கவில்லை.

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் அந்தக் காருக்குப் பூஜை. "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் குருக்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"மிஸ்டர் லிம் பேருக்கு, சாமி. இவரோட முதலாளி. கார் அவரோடதுதானே, இவரு சும்மா ஓட்டுறாரு."

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி, அவரு சீனருலா."

குருக்கள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. மிஸ்டர் லிம் குடும்பத்தோடு நலமாக வாழ மந்திரம் முழங்கியது. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றியதோடு சரி.

திருநீற்றையும் பொட்டலம் கட்டி, திங்கட்கிழமை முதலாளியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

காருக்கு வரி கட்டப்போகிறவன் நான். அந்தப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொள்ளலாமா, கூடாதா? யோசனை சொன்ன நீங்களே இதையும் சொல்லுங்கள்.