நாலாம் நம்பர் சேஃப்டி ஷூ

சின்ன மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் நான் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தேன். ஒரகடம் பக்கத்தில், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து வந்துவிட்டால் கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளும். வேலை முழுக்க நின்றபடிதான். மெஷினிலிருந்து வருகிற இரும்புத் துண்டுகளைத் துடைத்துப் பார்த்து, ட்ரேயில் அடுக்கி, அந்த ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த மேசையில் வைக்க வேண்டும். வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஷூதான் பிடிக்கவில்லை.

முதல் நாள் நீலச் சட்டையும் தொப்பியும் சேஃப்டி ஷூவும் கொடுத்தார்கள். விரல்மேல் எது விழுந்தாலும் அடிபடாமல் இருக்க முன்பக்கம் உள்ளே இரும்பு வைத்த ஷூ. ஸ்டோரில் இருந்தவர் என் காலைப் பார்த்துவிட்டு அலமாரியை மேலும் கீழும் துழாவினார்.

“ஆறுதாம்மா இருக்கறதுலயே சின்னது. ரெண்டு சாக்ஸா போட்டுக்கோ.”

என் கால் நாலாம் நம்பர். இரண்டு சாக்ஸ் போட்டும் உள்ளே இன்னொருத்தர் கால் வைக்க இடமிருந்தது. என்னோடு அதே நாளில் சேர்ந்த, தென்னேரி ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல உயரம், காலும் அதற்கேற்ற நீளம். கடைகளில் பெண்கள் செருப்பு அவளுக்கு எப்போதும் பத்தாது. அவள் ஏழாம் நம்பர் ஷூவை மாட்டி எழுந்து நின்றதும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“அக்கா, பொறந்ததுல இருந்து மொத தடவையா என் சைஸ் கெடச்சிருக்குது!”

அவள் சந்தோஷத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். என் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. குதிகாலில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன்மேல் இன்னொன்று வந்தது. நான் வருவது மூன்று மெஷின் தள்ளியே டப்டப்பென்று கேட்கும். ஒருநாள் கேன்டீன் படியேறும்போது வலது கால் மட்டும் மேல்படிக்குப் போனது. ஷூ கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டது. நான் அது தெரியாமல் பேசிக்கொண்டே ஒற்றைச் சாக்ஸோடு சாப்பாட்டு வரிசையில் போய் நின்றேன். பின்னாலேயே தென்னேரிப் பெண் என் ஷூவைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். கேன்டீனே சிரித்தது.

எங்கள் பாதுகாப்பு அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. என்னைவிட வயதில் சின்னவர். தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“இதோட ட்ரே தூக்குனா விழுந்துடுவீங்க மேடம். வெளிய வாங்கிக்கோங்க, பில் குடுத்தா கம்பெனி காசு குடுத்துடும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கணும், முன்னாடி ஸ்டீல் இருக்கணும், அடியில சோல் எண்ணெயில வழுக்காம இருக்கணும். அத மட்டும் பாத்துக்கோங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரோடு வண்டியில் காஞ்சிபுரம் போனேன். முதலில் நுழைந்தது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய செருப்புக் கடை. சேஃப்டி ஷூ என்று நான் சொன்னதும் கடைக்காரப் பையன் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான்.

“சாருக்கு இன்னா சைஸ்?”

“எனக்கு இல்லப்பா. நானு தறியில ஒக்கார்றவன், எனக்குச் செருப்பே வேணாம். அம்மாவுக்குப் பாரு.”

அவன் யோசித்து, பூப்போட்ட கேன்வாஸ் ஷூ ஒன்றைக் கொண்டுவந்தான். அது வேண்டாம் என்றதும் ஆண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற கறுப்பு ஷூவைக் கொண்டுவந்தான். என் வீட்டுக்காரர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

கடைசியில் ஒரு ஹார்டுவேர் கடையில்தான் கிடைத்தது. வாசலில் கயிறும் ஹெல்மெட்டும் தொங்குகிற கடை. உரிமையாளர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பாய். பரண்மேல் ஏறித் தேடி, தூசி தட்டி ஒரு பெட்டியை இறக்கினார். நாலாம் நம்பர். வெறுங்காலில் போட்டேன், கச்சிதமாகப் பிடித்தது. நடந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மதியம்வரை ராணி மாதிரி நடந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு விரல் நுனி இரும்பில் இடிக்கத் தொடங்கியது. ஷிப்ட் முடியும்போது, பழைய தொளதொள ஷூவே தேவலாம் என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த தென்னேரிப் பெண் என் பாதத்தைப் பார்த்தாள்.

“எப்ப போட்டுப் பாத்த?”

“நேத்துக் காலைல.”

“சாக்ஸோடவா?”

“இல்ல.”

“நல்லா இருக்குதுக்கா! காலைல இருக்கற காலும் நாள் பூரா நின்னுட்டு வர்ற காலும் ஒண்ணா? ஒன் கால் இட்லி மாதிரி உப்பிக்கினு இருக்குது பாரு. எறங்காத. இப்படியே காஞ்சிபுரம் போலாம்.”

ஐயம்பேட்டையில் இறங்காமல் அதே பஸ்ஸில் இருவரும் போனோம். பாய் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நான் ஷூவைப் பெட்டியில் வைத்து நீட்டவில்லை, திரும்பவும் மாட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“ஒரு நாள் போட்ட ஷூவ நான் யாருக்கும்மா விக்கறது?”

“பாய், எங்க கம்பெனில எத்தினி பொண்ணுங்க இருக்குறாங்க தெரியுமா?” என்று தென்னேரிப் பெண் ஆரம்பித்தாள். “ஒருத்திக்கும் சைஸ் இல்ல. எல்லாரையும் ஒங்க கடைக்கே இட்டுக்கினு வரேன். இத மட்டும் மாத்திக் குடுங்க.”

பாய் ஷூவைக் கழற்றச் சொல்லி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுப் பரண்மேல் ஏறினார்.

நாலாம் நம்பரிலேயே வேறு வேறு மாதிரியில் மூன்று ஜோடி இறங்கின. கம்பெனி சாக்ஸோடு ஒவ்வொன்றாகப் போட்டேன். முதலாவது இலவம்பஞ்சு மாதிரி லேசு. ஆனால் நடந்தால் குதிகால் தூக்கியது. கொப்புளத்துக்கு அதுவே வழி. இரண்டாவது பார்க்க அவ்வளவு அழகு. ஊதா லேஸ், ஊதா ஓரம். எனக்கு அதன்மேல் ஆசையாகிவிட்டது. தென்னேரிப் பெண் அதை வாங்கி வளைத்துப் பார்த்தாள். வளையவே இல்லை.

“இது ஷூவா பலகையா? இதப் போட்டுக்கினு நீ எப்படிக் குந்துவ?”

மூன்றாவது பழுப்பு நிறம். பார்க்க ஒன்றுமே இல்லை. முன்பக்கம் அகலம், கணுக்காலைச் சுற்றிப் பஞ்சு வைத்த மெத்தை. போட்டேன். உள்ளே ஐந்து விரலையும் ஆட்ட முடிந்தது. குதிகால் அசையவில்லை. ஐஎஸ்ஐ முத்திரையை அவள் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். கடைக்குள் நடக்க இடமில்லாததால் தெருவுக்கு வந்தேன். பக்கத்துக் கடை பூட்டியிருந்தது. அதன் படிகளில் ஏறி இறங்கினேன். அவள் அதோடு விடவில்லை. ஆணிப் பெட்டி ஒன்றை என் கையில் கொடுத்து, “ட்ரேன்னு நெனச்சுக்கினு நட” என்றாள். எதிரே டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். ஆணிப் பெட்டியோடு நான் போய்த் திரும்புகிற நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் என் கால் விரல்மேல் ஏறிக் குதித்தாள்.

“வலிக்குதா?”

“இல்லையே!”

“பாத்துக் குதிம்மா,” என்றார் பாய் உள்ளேயிருந்து. “ஷூவுக்கு வலிக்கப் போவுது.”

பழுப்பு ஷூவையே எடுத்துக்கொண்டேன். வீட்டில் வீட்டுக்காரர் அதை வாங்கி, புடவையைத் திருப்பி முந்தியைப் பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு வரிசையா தச்சிருக்கான். பிரியாது” என்றார். இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே போட்டு நடந்து பழக்கினேன். அதற்குப் பிறகு எனக்குக் கால் இருக்கிற ஞாபகமே வரவில்லை. அடுத்த வாரமே தென்னேரிப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, எங்கள் லைன் பெண்களை ஒரு கூட்டமாகப் பாய் கடைக்குக் கூட்டிப்போனாள். இப்போது அங்கே நாலாம் நம்பருக்குப் பரண் ஏற வேண்டியதில்லை, வாசலிலேயே தொங்குகிறது.

சில மாதம் கழித்துச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. கம்பெனியிலேயே உடை மாற்றிக்கொள்ளலாம் என்று பையில் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். அவரே நெய்து கொடுத்த அரக்குப் பட்டு, ரவிக்கை, வளையல், பூ, பொட்டு. கட்டி முடித்துக் குனிந்து பார்த்த பிறகுதான் செருப்பு எடுத்து வைக்காதது தெரிந்தது. வேறு வழியில்லை. பட்டுப்புடவைக்குக் கீழே சேஃப்டி ஷூவோடு மண்டபத்துக்குள் போனேன்.

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் முதலில் அவள் புடவைக் கரையைத்தான் பிடித்துப் பார்ப்பார்கள். அன்றும் ஒருத்தி கரையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் நாத்தனார் முறை அவள், பெட்ரோல் பங்க்கில் வேலை.

“அண்ணி, இன்னா இது?”

“சேஃப்டி ஷூ. செருப்ப மறந்துட்டேன், கத்தாத.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ குனிந்து முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். டங்கென்றது.

“நாள் பூரா நின்னா கால் வலிக்கலியா?”

“இல்ல.”

“கழட்டு.”

“இன்னாடி?”

“கழட்டு அண்ணி, போட்டுப் பாக்கறேன். பங்க்குல ரப்பர் செருப்போட நின்னு நின்னு எனக்குப் பாதமெல்லாம் விண்ணு விண்ணுனு இருக்குது. போன மாசம் ஒரு பைக்குக்காரன் ஸ்டாண்டையே கால்மேல போட்டுட்டான்.”

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டோம். அவள் காலும் என் அளவுதான். லேஸைக் கட்டி, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். மேடைப் படியில் ஏறப் போனவளை, “ஷூவோட ஏறாதம்மா” என்று யாரோ தடுத்தார்கள். திரும்பி வந்து சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனாள். நான் அவளுடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

“குடுடி, நான் வூட்டுக்குப் போவணும்.”

“இரு அண்ணி, சாப்ட்டுட்டுத் தரேன்” என்றாள். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் காலை நீட்டி, விரல்களை உள்ளே ஆட்டிக்கொண்டே பாயசம் இரண்டாம் முறை வாங்கினாள்.