பின் சீட்டில் துளசிக் கூடை

போன வாரம் என் மகனுடைய காரை சர்வீஸுக்கு விட்டு எடுத்தோம். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக் கார். வீடு வந்து சேர்வதற்குள் ஒரு பெண் போனில் கூப்பிட்டு, "மேடம், சர்வீஸ் எப்டி இருந்துச்சு? பத்துக்குப் பத்து போட்ருங்க மேடம். ஒம்போது போட்டாகூட எங்களத்தான் கேள்வி கேப்பாங்க" என்றாள். குரலில் அத்தனை பயம். பாவம், பத்தே போட்டேன். காருக்குள் எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. எந்த ஊர் எலுமிச்சம்பழம் இப்படி மணக்கும் என்று தெரியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் நாற்காலியில் ஒரு காலத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்றால் மகன் சிரிக்கிறான். உங்களிடமாவது சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. திருவள்ளூரில் ஒரு கார் ஏஜென்சி இருந்தது. ஐரோப்பாவில் எங்கோ இருந்த கம்பெனி. பாகங்கள் கப்பலில் வரும், இங்கே வைத்துப் பூட்டுவார்கள். ஏஜென்சி என்றதும் கண்ணாடி மாளிகையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய நெல் குடோன் அது. முன்னால் ஒரு புதுக் கார் நிற்கும், பின்னால் பட்டறை, நடுவில் என் மேஜை. அப்பாவுக்குப் பெருமாள் கோயிலில் கைங்கர்யம். காரில் ஏறியே பழக்கமில்லாத பெண் கார் கம்பெனியில் என்ன பேசப்போகிறாள் என்று வீட்டில் கவலை. நியாயமான கவலைதான். முதல் நாள் ஒருவர் வந்து கிளட்ச் வழுக்குகிறது என்றார். "துடைச்சிவிடச் சொல்றேன் சார்" என்றேன். நல்ல மனுஷர், சிரிக்காமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

பட்டறைக்குப் பொறுப்பு முனிரத்தினம். முப்பத்தைந்து வயதிருக்கும். தங்கைகளைக் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் தன் கல்யாணத்தை மறந்துபோனவர். எஞ்சினோடு பேசுவார், மனிதர்களிடம் தலையை ஆட்டுவதோடு சரி. சர்வீஸ் முடிந்த ஒவ்வொரு காரையும் டிரையல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனி விதி. மத்தியானம் மூன்று மணி வாக்கில் எடுத்துக்கொண்டு காக்களூர் ஏரி வரை போய் வருவார்.

அப்படிப் போய்வந்த கார்களில் துளசி மணக்கும். கிரீஸ், பெட்ரோல், ரெக்ஸின் எல்லாவற்றையும் தாண்டி, ஈரத் துளசி. தினமும் அப்பாவின் மேல்துண்டில் வீட்டுக்கு வருகிற வாசனை எனக்குத் தெரியாதா? வண்டி எடுக்க வருகிறவர்களும் கதவைத் திறந்ததும் ஒரு நிமிஷம் நிற்பார்கள். ஆரணியிலிருந்து வரும் நெல் வியாபாரி ஒருவர் என்னிடமே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, வண்டிய கோயிலுக்கு இட்டுகினு போய் பூஜ போட்டுதான் குடுக்கறீங்களாமே? எங்க ஊட்டுல ஒரே சந்தோசம். மச்சானும் ஒரு வண்டி கேக்கறாரு."

நான் சிரித்து வைத்தேன். பேச்சு பொன்னேரி, கவரைப்பேட்டை என்று பரவியது. பக்கத்தில் இருக்கிற மெட்ராஸை விட்டுவிட்டு எங்கள் குடோனுக்குக் கார்கள் வர ஆரம்பித்தன.

ஒரு நாள் கோயிலுக்குப் போனபோது காரணத்தைக் கண்ணால் பார்த்தேன். சன்னிதித் தெரு முனையில் ஒரு டாக்டருடைய கார். அதன் பின் சீட்டிலிருந்து முனிரத்தினம் இரண்டு துளசிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பச்சையம்மாள். காக்களூர் ஏரிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலத்தில் துளசி போட்டு, சாயரட்சை பூஜைக்குக் கோயிலுக்குக் கொடுப்பவள். புருஷன் இல்லை. கூடையைத் தலையில் வைத்து நடந்தே வருவாள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் முனிரத்தினம் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"பாத்துட்டீங்களாம்மா?"

"பாத்தேன்."

"வெயில்ல அந்த மாரி நடந்து வருதும்மா."

அவ்வளவுதான். வாடிக்கைக்காரர் வண்டியில் வெளியாளோ சாமானோ ஏற்றினால் வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த கோடையில் வெளிநாட்டிலிருந்து கம்பெனியின் அதிகாரி ஒருவர் வந்தார். இவ்வளவு சின்ன ஊரில் எப்படி இத்தனை பேர் நம் காரைத் தேடி வருகிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். எங்கள் முதலாளி தெலுங்குக்காரர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் நைனா. குடோனுக்கு வெள்ளையடித்து, எல்லோருக்கும் காக்கி உடுப்புத் தைத்து, என்னை மொழிபெயர்க்க நிறுத்தினார். அதிகாரி நெடுநெடுவென்று உயரம். வெயிலில் முகமெல்லாம் சிவந்து, கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து துடைத்துக்கொண்டார். இன்னும் பத்து வருஷத்தில் இந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலை வரும், தெருவுக்குத் தெரு எங்கள் கார் நிற்கும், கும்மிடிப்பூண்டியில் உங்களுக்கு ஒரு கிளை தருவோம் என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல முதலாளியின் கண் விரிந்துகொண்டே போனது.

பிறகு அதிகாரி ஒரு காரின் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்து, இது என்ன வாசனை என்று கேட்டார்.

முதலாளிக்கே தெரியாத விஷயம். தலையைச் சொறிந்தார். "பெருமாள் அருள்னு சொல்லும்மா" என்றார். சொன்னேன். அவரும் மரியாதையாகக் குறித்துக்கொண்டார். ஆனால் விட்டாரா? இன்றைய டிரையலுக்கு நானும் வருகிறேன் என்றார்.

முதலாளி என் காதருகே வந்து, "பாப்பா, நீயும் கூட போ. தொர இன்னாவது கேட்டா இங்கிலீஷ்ல சொல்லு. ஏடாகூடமா எதுவும் ஒளறாத" என்றார்.

அதிகாரி பின் சீட்டில். நான் முன்னால், முனிரத்தினத்துக்குப் பக்கத்தில். அவருடைய புதுக் காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏரிக்கரை மதகு வந்தது. பச்சையம்மாள் இரண்டு கூடைகளோடு நின்றிருந்தாள். காரைப் பார்த்ததும் சிரித்துக் கையை உயர்த்தினாள். முனிரத்தினம் நேராகச் சாலையையே பார்த்தபடி ஓட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். உயர்ந்த கை மெல்ல இறங்கியது. அவள் குனிந்து, தலைக்குச் சும்மாடு சுற்றத் தொடங்கினாள்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். கார் நின்றது.

"இன்னா ஆனாலும் ஆவட்டும்மா" என்றார் முனிரத்தினம். அப்படியே பின்னாலேயே வண்டியைக் கொண்டுபோனார்.

பச்சையம்மாள் வழக்கம்போல் பின்கதவைத் திறந்து, பார்க்காமலே முதல் கூடையை உள்ளே தள்ளினாள். அது அதிகாரியின் மடியில் போய் உட்கார்ந்தது.

"ஐயய்யோ, உள்ள தொர குந்திகினு கீறாரே!"

அதிகாரி பயப்படவில்லை. கூடையை இரு கையாலும் அணைத்துக்கொண்டு, மற்றதையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அவள் பின்னால் ஏற மாட்டேன் என்று முன்னால் வந்து என்னோடு நெருக்கி உட்கார்ந்தாள். கார் நகர்ந்ததும் அதிகாரி கேட்டார்: யார் இந்தப் பெண்?

முதலாளி ஒளறாதே என்று சொல்லித்தான் அனுப்பினார். வெளியாள் என்றால் முனிரத்தினத்தின் வேலை போச்சு. சொந்தக்காரி என்றால் கொஞ்சம் பிழைப்பார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்த நேரத்துக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஹிஸ் ஒய்ஃப், சார்."

பச்சையம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் 'ஒய்ஃபு' தெரியாதவர் யார்? கார் ஒரு குலுங்கு குலுங்கி நேரானது. முனிரத்தினத்தின் காது மடல் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். கோயில் வரும் வரை மூவரும் முன்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதிகாரி மட்டும் பின்னால் துளசியைக் கிள்ளி முகர்ந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் அவர் கறாராகவே பேசினார். வாடிக்கைக்காரர் நம்பி விடுகிற வண்டியில் எதையும் ஏற்றக் கூடாது, மெக்கானிக்கின் மனைவியுடைய கூடையைக்கூட. இந்த ஒரு முறை மன்னிக்கிறேன் என்றார். முதலாளி, "இவனுக்கு ஏது ஒய்ஃபு?" என்று வாயைப் பிளந்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சாயங்காலம் முனிரத்தினம் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"ஏம்மா அப்டி சொல்லிட்டீங்க?"

"வேற என்ன சொல்றது? வேலை போயிருக்குமே."

"அதுக்கில்ல... நீங்க சொன்னது நெசமான்னு கேக்குது அது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. வண்டிய கழுவணும்னு வந்துட்டேன்."

"நல்லா வந்தீங்க. மொதல்ல போய்ப் பதில் சொல்லிட்டு வாங்க" என்றேன். என்னைவிடப் பெரியவரை அன்று முதல்முறையாக அதட்டினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தை மாதம் கல்யாணம். மாலை இரண்டும் முதலாளி உபயம்.

கூடையை ஏற்றுவது நின்றதும் வாடிக்கைக்காரர்கள் பூஜையை நிறுத்திவிட்டீர்களா என்று சண்டைக்கு வந்தார்கள். முதலாளி யோசித்து, சர்வீஸ் முடிந்த ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கொத்துத் துளசி வைக்கச் சொல்லி, அதைப் பச்சையம்மாளிடமே வாங்கினார். அது தன்னுடைய யோசனை என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிகாரி சொன்னதில் பாதி பலித்தது. தொழிற்சாலைகள் வந்தன, அவர் கார் வரவில்லை. எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியது. கார் வைத்திருந்தவர்களே அதைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு பஸ் ஏறினார்கள். கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போயிற்று. உதிரிபாகம் வராத கார்களுக்கு முனிரத்தினம் கையாலேயே பாகம் கடைந்து போட்டு இன்னும் சில வருஷம் ஓட வைத்தார். எனக்குக் கல்யாணமாகி நான் மாம்பலம் வந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்துப் பச்சையம்மாளைக் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் பார்த்தேன். மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். முனிரத்தினம் அப்போது இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எத்தினி காருல போயிருப்பேன் பாப்பா. ஒண்ணும் எங்க காரு இல்ல. அவரு பக்கத்துல குந்திகினு போவும்போது அதெல்லாம் ஒண்ணும் தோணல."

பிறகு அவளையும் பார்க்கவில்லை. சென்ற ஆண்டு அந்தப் பக்கம் போனபோது காக்களூரில் இறங்கினேன். ஏரிக்கு அந்தப் பக்கம், முனிரத்தினமும் அவளும் குடியிருந்த துளசி நிலத்தில், வரிசையாகத் தகரக் கூரைகள், மதில்கள், இரும்புக் கதவுகள். அவர்கள் இப்போது அங்கே இல்லை என்று தெரிந்தும், ஒரு வாசலில் இருந்த காவலாளியிடம், "முனிரத்தினம் வீடு இங்கே எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

அவர் மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்:

"எந்த கம்பெனில வேல செய்றாரும்மா?"