கிஷார் பாதை

பாரிஸிலிருந்து வருகிறவர்களுக்கு வோல்நே ஒரே ஊர். ஆனால் ரயில் தண்டவாளம் அதை இரண்டாக அறுத்துப் போட்டிருக்கிறது. மேட்டில் சர்ச், பழைய கல்வீடுகள், தங்களைத் தவிர மற்ற எல்லாரும் வந்தேறிகள் என்று நம்பும் குடும்பங்கள். பள்ளத்தில் முதலில் பீன்ஸ் வயல் இருந்தது. பிறகு அது போர்த்துக்கீசியர்களும் அல்ஜீரியர்களும் தகரம் அடித்துக் குடியிருந்த சேறாயிற்று. அவர்களை விரட்டிவிட்டு அரசாங்கம் அங்கே பல்கலைக்கழகம் கட்டியது, மாணவர்களைக் கொண்டுவந்து கொட்டியது. நேராக ஒரு சாலை போட மட்டும் மறந்துவிட்டது.

ரோலான் கிஷார் மேட்டில் பிறந்தவர். பிறந்ததைத் தவிர அவர் சாதித்தது என்று எனக்கு எதுவும் தெரியாது. நகராட்சிப் பூங்காக்களுக்கு மேஸ்திரியாக இருந்தார். அந்த வேலையை ஏதோ தளபதி உத்தியோகம் மாதிரி பார்த்தார்.

ஸ்டேஷனில் இறங்கிச் சாலை வழியாகப் பல்கலைக்கழகம் போவது பெரிய சுற்று. அதனால் மாணவர்கள் நகராட்சிப் புல்வெளியில் குறுக்கே நடந்தார்கள். கேன்டீனில் பரிமாறுகிற நானும் அப்படித்தான் போனேன். புல் செத்து, ஒரு தடம் விழுந்தது. கிஷாருக்குத் தன் நெஞ்சின்மேல் ஏறி மிதித்ததுபோல் இருந்தது. கம்பி வேலி போட்டார், வெட்டினார்கள். முள்செடி வைத்தார், பிடுங்கி எறிந்தார்கள். பள்ளம் தோண்டினார், பலகை போட்டுத் தாண்டினார்கள். ஒவ்வொரு செப்டம்பரும் வகுப்பு தொடங்கும்போது புது வேலி முளைக்கும். அதில் கிழிந்த என் காலுறைகளுக்காக அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"முசியே கிஷார், ஒரு பாதை போட்டுக் குடுத்துட்டா உங்களுக்கும் வேலை மிச்சம், எங்களுக்கும் கால் மிச்சம்," என்றேன் ஒருநாள்.

"மாடு மேயவே இந்தப் புல்லை விடமாட்டேன் மதாம் ஒதில், இந்தப் பசங்களுக்கா விடுவேன்?"

"மாட்டுக்கு எட்டு மணி வகுப்பு இல்லையே."

மாணவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு மரப்பலகையில் 'ரோலான் கிஷார் பாதை' என்று பெயின்ட் அடித்து நட்டு வைத்தார்கள். அவர் பிடுங்கினார். மறுவாரம் இன்னொன்று நின்றது. பலகைகள் மக்கிப் போயின, பெயர் ஒட்டிக்கொண்டது. கிஷார் யார் என்றே தெரியாத பிள்ளைகள்கூட, "கிஷார் முனையில நில்லு, வந்துடறேன்" என்று போனில் பேசிக்கொண்டு போவார்கள்.

அவர் ஓய்வு பெற்றார். மனைவி போய்ச் சேர்ந்தாள், பிள்ளை இல்லை. பெயர் தன்னோடு அழிந்துவிடும் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. அது உண்மையான பயம்தான். எனக்கு இரக்கம் வரவில்லை, அவ்வளவுதான். ரொட்டிக் கடை வரிசையில் நின்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

"சர்ச் பக்கத்துச் சந்துக்கு இன்னும் பேரே இல்ல. ஊருக்கு உழைச்சவன் பேரா ஒண்ணு வெச்சா என்ன?"

"உசுரோட இருக்கறவங்க பேரை நம்ம ஊர்ல தெருவுக்கு வைக்கறதில்லையே, முசியே," என்பாள் கடைக்காரி.

"மொதல்ல செத்துக் காட்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்," என்றேன் நான். வரிசையே சிரித்தது. அவர் ரொட்டி வாங்காமலே போய்விட்டார்.

போன வருடம் லியோனிலிருந்து வந்து குடியேறிய ஒரு சின்னப் பெண் மேயரானாள். வந்த சூட்டோடு அந்தத் தடத்துக்குக் கல் பாவி, விளக்கு நட்டாள். எல்லாரும் சொல்கிற பெயரே இருக்கட்டும் என்று புதுக் கவுன்சிலில் முடிவு செய்தார்கள். மக்காமல் கிடந்த மாணவர் பலகை ஒன்றைப் பார்த்து முழுப் பெயரை எழுதிக்கொண்டார்கள். கிஷார் யார் என்று விசாரிக்க அந்த மேதாவிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை காலமாகப் புழங்குகிற பெயர் என்றால் ஆள் செத்துத்தானே இருக்க வேண்டும்?

திறப்பு விழாவுக்கு அவர் டை கட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் மாப்பிள்ளைக் களை. வேடிக்கை பார்க்கவென்றே நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்காக வழக்கத்தையே மாத்திட்டாங்க, பாத்தீங்களா?" என்றார் காதருகில்.

மேயர் மைக்கைப் பிடித்தாள். "மறைந்த ரோலான் கிஷார் அவர்கள், சேற்றில் நடந்த மாணவர்களுக்காகத் தன் கையாலேயே கல் சுமந்து இந்தப் பாதையைத் திறந்தவர்," என்றாள். மாணவர்கள் கை தட்டினார்கள். மேட்டுக்காரர்களும் தட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். ஓசி ஒயின் கண்ணெதிரே இருக்கும்போது மேட்டுக்காரன் வாயைத் திறக்கமாட்டான்.

கிஷாருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"போய்ச் சொல்லுங்க, உசுரோடதான் இருக்கேன்னு," என்றேன்.

"சொன்னா?"

"பலகையைக் கழட்டிடுவாங்க. வழக்கம்னா வழக்கம்தானே."

அவர் வாயை மூடிக்கொண்டார். பழைய கவுன்சிலின் பொதுக்கூட்டம் ஒன்று விடாமல் எழுந்து நின்று கத்திய மனிதர் அவர். அன்று மூச்சு விடவில்லை.

ரிப்பன் வெட்டி முடிந்து மேயர் கோப்பையோடு எங்கள் பக்கம் வந்தாள். நான் விடுவேனா?

"இவரும் கிஷார்தான், மதாம்," என்றேன்.

"அப்படியா? அவருக்குச் சொந்தமா நீங்க?"

அவர் அந்த நீலப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை எழுத்தில் அவர் பெயர் முழுதாக இருந்தது.

"தூரத்துச் சொந்தம்," என்றார்.

"எப்படிப்பட்ட மனுஷர், ஐயா? பசங்க சொல்ற கதைக்கு மேல எங்களுக்கு ஒண்ணுமே தெரியல."

மாணவர்கள் புல்லில் உட்கார்ந்து பாட்டில்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு நீட்டிப் படுத்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார்.

"படிக்கற பசங்கன்னா அவருக்கு உசுரு," என்றார் ரோலான் கிஷார்.