ரசம் எடுக்க எழுந்தவன்

கிருபாவின் மனைவி செல்வியின் போன் வந்தபோது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பைக்கோடு நின்றிருந்தேன். சிக்னலில் போன் எடுக்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு ஏனோ எடுத்தேன். "அண்ணா, சாப்ட்டுகினு இருந்தோம். ரசம் எடுத்துகினு வரேன்னு எழுந்தாரு. கிச்சன்ல சத்தம் கேட்டுது. ஓடிப் போய்ப் பார்த்தா..." பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதையும், அங்கே போவதற்குள் உயிர் போய்விட்டதையும் சொன்னார். பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு ஜூஸ் கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

கூடுவாஞ்சேரி கிருபாகரனைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் செய்தியில் ஒன்று உறுத்தியிருக்கும். எழுந்தான் என்றால், அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தானா? கிருபா உட்கார்ந்து சாப்பிட்டதை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்?

நானும் அவனும் தாம்பரத்தில் கேட்டரிங் படித்துவிட்டு, ஒரே பயணிகள் கப்பலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தக் கப்பலில் இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி எழுந்து அடுத்த பந்தி வந்து உட்காருவதற்குள் மேஜைத்துணி மாற்றி, கிளாஸ் துடைத்து, கத்தியும் முள்கரண்டியும் வரிசையாக வைத்து முடிக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் எங்கள் சாப்பாடும். கிச்சன் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு வாய் சோறு, ஒரு கண் கதவில் என்று விழுங்குவோம். நான் சில கான்ட்ராக்டிலேயே போதுமடா சாமி என்று ஊருக்கு ஓடி வந்துவிட்டேன். கிருபா தலை நரைக்கும்வரை இருந்தான். நின்றுகொண்டு சாப்பிடுவது அவன் உடம்பில் ஊறிவிட்டது. அதைக் கழற்றி வைக்க அவனால் முடியவில்லை.

எங்கள் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. இருவர் மேஜைக்கு ஒருவர் மட்டும் வந்தால், எதிரே இருக்கிற தட்டு, கிளாஸ் எல்லாவற்றையும் சர்வர் உடனே எடுத்துவிட வேண்டும். தனியாக வந்திருக்கிறோம் என்பதை அந்தத் தட்டு அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கக்கூடாதாம். ஒரு பயணத்தில் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தனியாக வந்து கிருபாவின் மேஜையில் உட்கார்ந்தார். அவன் எதிர்த் தட்டை எடுக்கப் போனபோது அதன்மேல் கையை வைத்து மறித்தார். கணவரும் அவருமாகச் சேர்ந்து டிக்கெட் எடுத்திருந்தார்களாம். கணவர் கப்பல் ஏறும்வரை இருக்கவில்லை. அன்றிலிருந்து பயணம் முடியும்வரை கிருபா அந்த இடத்துக்குத் தட்டு வைத்தான், நாப்கின் மடித்து வைத்தான், கிளாஸில் தண்ணீரும் ஊற்றினான். சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை. "உனக்கு ஏன்டா இந்த வேண்டாத வேலை?" என்றேன். "ஆளு வரலன்னா இன்னா மச்சான், எடம் இருந்துட்டுப் போட்டுமே" என்றான். அந்தப் பெண்மணி இறங்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஊருக்கு வந்து கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி சூப்பர்வைசராகச் சேர்ந்தான். சும்மா சொல்லக்கூடாது, அவன் நின்றால் பந்தியில் ஒரு இலை காலியாக இருக்காது. "மெனுவப் பாக்காத, சாப்பிடறவன் மூஞ்சப் பாரு" என்பான் பரிமாறுகிறவர்களிடம். ஆனால் அவனைப் பந்தியில் உட்கார வைக்க முடியாது. என் மகள் கல்யாணத்தில் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் சாம்பார் வாளியோடு நின்றான். வீட்டிலும் அதே கதைதான். செல்விக்குச் சூடாகத் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, இவன் அடுப்போரம் நின்று நாலு வாயில் முடித்துவிடுவான். ஊரெல்லாம் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றது. அவள் ஒருநாள் என் மனைவி மாலதியிடம் சொன்னது வேறு. "கப்பல்ல இருந்தப்பவும் தனியாத்தான்க்கா சாப்ட்டேன். இப்போ வூட்லயே இருக்காரு. இப்பவும் தனியாத்தான் சாப்பிடறேன். பக்கத்துல உக்காந்து ஒரு வேளை சாப்டா போதும்க்கா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மாலதி சொல்லி நான் அவனைப் பிடித்துத் திட்டினேன். அதன் பிறகுதான் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிற சொகுசுக் கப்பலில் இரண்டு குடும்பமும் போனோம். இந்த முறை நாம் பயணிகள், நம்மை உட்கார வைத்துப் பரிமாறுவார்கள், இவனால் தப்பிக்கவே முடியாது என்று நினைத்தேன். பஃபேயில் நம்மவர்கள் இட்லிக்கும் நூடுல்ஸுக்கும் ஒரே தட்டில் இடம் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தபடிதான் முதல் நாள் போயிற்று. இரவு சர்வர் செல்விக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பட்டுப்புடவையில் வந்திருந்தாள். கிருபா எதிரே உட்கார்ந்தான், சூப் குடித்தான். என் கண்ணே பட்டிருக்கும். பக்கத்து மேஜையில் குழந்தைகளோடு ஒரு பெரிய குடும்பம். அங்கே பரிமாறிய சர்வர் தனியாளாகத் திண்டாடினார், ஒரு தட்டு கீழே விழுந்து உடைந்தது. அவ்வளவுதான். "தோ வந்துடறேன்" என்று எழுந்தவன், அந்த மேஜைக்குத் தண்ணீர் ஊற்றி, குழந்தைக்குச் சிக்கனைப் பிய்த்துக் கொடுத்து, எல்லாம் முடித்துத் திரும்பியபோது செல்வியின் எதிரே ஐஸ்கிரீம் கரைந்து தண்ணீராகியிருந்தது. அவள் எழுந்து டெக்குக்குப் போய்விட்டாள்.

மறுநாள் இரவு கட்டாயம் உட்காருகிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். கடல் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கப்பல் ஆடிய ஆட்டத்தில் செல்வி வாந்தி எடுத்துப் படுத்துவிட்டாள். கிருபா கிச்சனில் கெஞ்சிக் கூத்தாடி கஞ்சி வாங்கி வந்து, கட்டிலோரம் நின்று ஸ்பூனால் ஊட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அப்போதும் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். இறங்கும்போது, "அடுத்த வாட்டி செல்வி" என்றான். "வூட்ல உக்காருங்க, அது போதும்" என்றாள் அவள்.

அதை அவன் மனதில் வாங்கிக்கொண்டான். சமீபத்தில் தாம்பரத்தில் ஒரு சின்ன மேஜையும் இரண்டு நாற்காலியும் வாங்கி வீட்டில் போட்டான். போனில் என்னிடம், "உக்காந்து பழகினு இருக்கேன் மச்சான். முதுகுல எறும்பு ஊர்ற மாதிரி கீது" என்றான். நான் அவனை ஓட்டித் தள்ளினேன். ஊறுகாய் எடுக்க, தண்ணீர் எடுக்க என்று நடுவில் எழுந்துவிடுகிறானாம். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறானாம். செல்வி முகத்தில் வந்த தெளிவை மாலதி நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அப்படிப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் ரசம் எடுக்க எழுந்தான். இந்த முறை திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தோம். படையல் போட்டு, காக்காவுக்கு வைத்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். செல்வி மட்டும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை, அந்த மேஜைப் பக்கமும் போகவில்லை என்று அவள் தங்கை சொன்னாள். நான் அந்த மேஜையைத் துடைத்து, அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சாப்பிடாவிட்டால் கிருபா என்னைச் சும்மா விடமாட்டான் என்று சொன்னதும் எழுந்து தட்டு எடுத்து வந்தாள். பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்திருந்தாள். கையில் இரண்டு இருப்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போயிற்று. ஒன்றைத் திரும்ப வைக்கப் போனாள். நான் வாங்கி எதிரே வைத்தேன். பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அவளுக்கு அந்த வெள்ளைக்காரப் பெண்மணி கதை தெரியும், கிருபா சொல்லியிருக்கிறான். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாலதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு தட்டிலும் சோறு வைத்தேன். செல்வி மெல்லச் சாப்பிடத் தொடங்கினாள். ரசம் கொண்டுவந்து அவள் தட்டில் ஊற்றிவிட்டுத் திரும்பினேன்.

"அவருக்கும் ஊத்துங்கண்ணா" என்றாள். "அதுக்குத்தான எழுந்தாரு."

ஊற்றினேன். கிருபா முடிக்காமல் விட்ட வேலையில் என் பங்குக்கு வந்தது அது ஒன்றுதான். செல்வி தட்டில் இருந்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள். இந்த முறை, அவள் முடிக்கும்வரை அந்த மேஜையிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை.