என்னை அமைதியாக்கக் கிளம்பிய கோஷ்டி

போன மாதம் ஒரு காலைப் பொழுது. பச்சை கவுன், தலையில் பிளாஸ்டிக் தொப்பி, வலது கண்ணில் சொட்டு மருந்து... இந்த அலங்காரத்தோடு புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் படுத்திருந்தேன். நர்ஸ் வந்து கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். அச்சச்சோ என்றாள். இன்னொரு முறை பார்த்தாள். பிறகு இன்னொரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் மெஷினையே உற்றுப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, கவுனைக் கழற்ற வேண்டியதுதான் என்று. இப்படித் திரும்பி வருவது எனக்கு இரண்டாவது தடவை.

டாக்டர் வந்தார். நூற்று எண்பதில் கண்ணில் கை வைக்க முடியாது என்றார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார். கடைசியில் அந்தப் பொன்மொழியையும் உதிர்த்தார்: "வீட்டுக்குப் போயி நிம்மதியா இருங்கம்மா. டென்ஷனே கூடாது."

ஆஹா, என்ன அருமையான மருந்து! எந்தக் கடையில் கிடைக்கும், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா — அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

விஷயம் என்னவென்றால், எனக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. இத்தனை வருடம் படித்தது, எழுதியது, அரிசியில் கல் பொறுக்கியது எல்லாமே வலது கண்ணின் உபயம். அந்தக் கண்ணில்தான் இப்போது புரை. முற்றிப் போயிருக்கிறது, இனிமேல் தள்ளிப் போட்டால் சிக்கல் என்று அதே டாக்டர்தான் சொல்லியிருந்தார். அதாவது, ஆபரேஷன் உடனே நடக்க வேண்டும். நடக்க வேண்டுமானால் நான் கவலைப்படக் கூடாது. நடக்காவிட்டால் பார்வை போய்விடும் — ஆனால் அதைப் பற்றியும் நான் கவலைப்படக் கூடாது. எவ்வளவு சுலபம் பாருங்கள்!

அன்றைக்கு மரக்காணம் திரும்பும் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இவளை அமைதியாக்குவது என் பொறுப்பு!

இவரைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் ஏகாம்பரம். தொழில் உப்பளம். குரல்... அதை எப்படி எழுதுவது? அளத்தின் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் வேலை செய்பவர் திரும்பிப் பார்ப்பார். செல்போன் அவருக்கு அநாவசியச் செலவு என்பது என் நெடுநாள் கருத்து. அந்தக் குரலோடு அவர் வீட்டுக்குள் நுழைந்து செய்த முதல் அறிவிப்பு: "இன்னையிலேர்ந்து இந்த வூட்ல யாரும் சத்தம் போடக் கூடாது!" அடுத்த வீட்டு நாய்கூட அடங்கிவிட்டது.

மறுநாள் உள்ளூர் டாக்டரிடம் பிரஷருக்காகக் கூட்டிப் போனார். இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உப்பளக்காரர்கள் யாரைப் பார்க்கப் போனாலும் கையில் ஒரு பை கல் உப்போடுதான் போவார்கள். புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினால் உப்பு. பிள்ளைக்கு காலேஜில் சீட்டு வேண்டுமானால் உப்பு. லட்சுமியாயிற்றே, வேண்டாம் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். எங்கள் வீட்டு உப்பு போகாத ஆபீஸ் இந்தத் தாலுகாவில் கிடையாது.

டாக்டர் என்னை வைத்துக்கொண்டு ஒரு பிரசங்கமே செய்தார். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாயை மறக்க வேண்டும், கருவாடு வாசலுக்குள்ளேயே வரக் கூடாது. எங்கள் வீட்டுக்காரர் மெய்மறந்து கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். எல்லாம் முடிந்ததும் காலடியில் இருந்த பையைத் தூக்கி டாக்டரின் மேஜைமேல் வைத்தார்.

"நம்ம பாத்தி உப்புங்க. வூட்டுக்கு வெச்சிக்கங்க."

டாக்டர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன், வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வருகிற வழியில் மெடிக்கலில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கினோம். அதோடு போயிற்று என் நிம்மதி.

காலையில் கண் விழித்தால் பட்டை. டிபனுக்கு முன்னால் பட்டை, பின்னால் பட்டை. குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டுவதற்குள் பட்டை. மெஷின் உஸ்ஸென்று காற்றை இறக்கும்போது இவர் என் முகத்தை எக்ஸாம் ரிசல்ட் மாதிரி பார்ப்பார். நம்பர் வந்ததும் அதைப் படிப்பார் பாருங்கள் — தெருமுனை டீக்கடை வரைக்கும் என் பிரஷர் தெரியும். காய் வாங்கப் போனால், இன்று கொஞ்சம் கூடிப்போச்சாமே என்று விசாரிக்கிறார்கள். கூடாமல் என்ன செய்யும்?

அடுத்த நாள் கிளியனூரிலிருந்து என் நாத்தனார் காமாட்சி வந்து இறங்கினாள். பெட்டியோடும் ஒரு புளூடூத் ஸ்பீக்கரோடும். கண்ணை மூடிக்கொண்டு கடல் அலைச் சத்தம் கேட்டால் மனசு அடங்கும் என்று யாரோ அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்களாம். காற்று கிழக்கே இருந்து அடித்தால் எங்கள் மொட்டை மாடியில் அசல் அலைச் சத்தமே கேட்கும். ஓசியில். அதை விட்டுவிட்டு, எந்த ஊர்க் கடலோ, ஸ்பீக்கரில் இரைந்துகொண்டிருந்தது. பத்து அலைக்கு ஒரு தரம் மூல நோய் விளம்பரம் வேறு. நான் கண்ணை மூடி, மூல நோயைப் பற்றிச் சிந்தித்தபடி அமைதியடைந்துகொண்டிருந்தேன்.

சென்னையிலிருந்து மகள் சும்மா இருப்பாளா? சாயங்காலமானால் வீடியோ காலில் மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணும் வரை இழு, நாலு எண்ணும் வரை நிறுத்து. நான் நிறுத்திய நேரம் பார்த்து அவளுக்கு ஆபீஸ் போன் வரும். யாரையோ இங்கிலீஷில் கிழி கிழி என்று கிழிப்பாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலமாகிக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து, "ம்... ரிலாக்ஸா வுடும்மா" என்பாள். நான் பெற்ற பெண்!

வீட்டில் மிக்சி ஓடக் கூடாது. ஆனால் சட்னி வேண்டும். டிவி சீரியல் கூடாது — அதில் வருகிற மாமியாரால் எனக்கு டென்ஷன் ஏறுகிறதாம். எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அந்தப் பாதகிதான், அவளையும் பிடுங்கிவிட்டார்கள். என்னை நிம்மதியாக இருக்கச் சொல்வதற்காக தினமும் நாலு பேர் வந்தார்கள். வந்தவர்களுக்கு யார் காபி போட்டது என்று நினைக்கிறீர்கள்?

ஈசிஆர் கடற்கரைச் சாலையில் போய்ப் பாருங்கள். ரிசார்ட்டுக்கு ரிசார்ட் அமைதியைக் கூவிக் கூவி விற்கிறார்கள். சனிக்கிழமையானால் சென்னையிலிருந்து கார் காராக வந்து, ஸ்பீக்கரை அலறவிட்டு, அமைதியை அனுபவித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டோல்கேட்டில் சண்டை போட்டுக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். எங்கள் வீட்டில் அதே சேவை, வாரம் முழுவதும்!

இரவில் தூக்கம் போயிற்று. பசி போயிற்று. மெஷினில் நம்பர் மட்டும் அசையாமல் அங்கேயே நின்றது. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த அடுத்த தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. இந்த முறையும் திருப்பி அனுப்பினால்? அந்த எண்ணம் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடனே ஒருத்தர் ஓடி வந்து பட்டையைச் சுற்றுவார்.

இப்படி இருக்கும்போது, காலை நடை நல்லது என்று எங்கள் வீட்டுக்காரர் என்னை அளத்துக்குக் கூட்டிப் போனார். நல்ல வெயில் காலம். பாத்தி பாத்தியாக உப்பு பூத்திருக்கும் நேரம். நான் கரைமேல் நடக்கிறேன். பின்னாலேயே இவர். மெதுவா போ, மூச்ச நல்லா இழு, வெளிச்சத்த பாக்காத, கீழ பாத்து நட என்று கமெண்ட்ரி. தோளில் ஒரு பை. அதில் என்ன? மெஷின்தான்.

எனக்கோ எல்லாமே வெள்ளைப் புகை. பாத்தி வெள்ளை, குவியல் வெள்ளை, வானம் வெள்ளை. கொஞ்ச தூரத்தில் ஒரு உப்புக் குவியல் நின்றது. கிட்டே போனதும் அந்தக் குவியல் "ஹாய் ஆன்ட்டி" என்றது.

கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வந்திருந்த ஜோடி. பெண் வெள்ளை கவுன் போட்டிருந்தாள். நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். உப்புக்கும் மனுஷிக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கா வந்துவிட்டது? பயமாக இருந்தது. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அலைச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள்.

அதற்குள் போட்டோக்காரர் அந்தப் பெண்ணைப் பாத்திக்குள் இறங்கச் சொல்லியிருக்கிறார். தண்ணீரில் உருவம் அழகாக விழுமாம். பெண் செருப்பைக் கழற்றி ஒரு காலை நீட்டியதுதான் தாமதம்... எங்கள் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பறவைகள் கிளம்பின. மாப்பிள்ளை கையிலிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏம்பா, அதுல எறங்காதீங்க! உப்பு பூத்துக்கினு இருக்குது. கால வெச்சீங்கன்னா சேறு கலங்கி எல்லாம் கறுத்துடும். தண்ணிய வுட்டுட்டு நாங்களே அந்தப் பக்கம் போவ மாட்டோம். சும்மா வுட்டாத்தான் அது உப்பாவும்."

உண்மைதான். முப்பது வருடமாகப் பார்க்கிறேன். தண்ணீரைக் கட்டிவிட்டுக் கரையில் நிற்பார். வாய் சும்மா இருக்காது, ஆனால் கால் உள்ளே போகாது. தொட வேண்டிய நாள் வந்தால் தொடுவார், அதுவரை பாத்தி பக்கம் யாரையும் அண்ட விட மாட்டார். அவ்வளவு பொறுமை இந்த மனுஷனிடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அந்த ஜோடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் போயிற்று. இவர் என்னைப் பார்த்தார். பதறிப் போய்ப் பைக்குள் கையை விட்டார். சத்தத்தில் எனக்கு பிரஷர் ஏறியிருக்குமாம். என் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்ற வந்தார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். கோபமாகத்தான் பேச நினைத்தேன், அழுகைதான் வந்தது.

"பூக்குற உப்ப தொடாம வுடணும்னு யார் யாருக்கோ சொல்றீங்க. என்னைய மட்டும் இன்னாத்துக்குங்க இப்டி எறங்கி எறங்கிக் கலக்கிக்கினு இருக்கீங்க?"

அவர் பட்டையை மெதுவாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரையில் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பேசாமல், சண்டையும் இல்லாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மெஷின் பீரோ மேல் ஏறியது. காமாட்சியைச் சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டார், ஸ்பீக்கரோடு. அவளுக்கு வருத்தம்தான். மகளுக்கு போன் போட்டு ஏதோ சொன்னார், அவளும் மூச்சு விடுவதை என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் நான் விசேஷமாக ஒன்றுமே செய்யவில்லை. மாத்திரையைப் போட்டேன். உப்புக் குறைவான குழம்பை மனதுக்குள் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். மத்தியானம் முருங்கைக் கீரை ஆய்ந்தேன் — அதற்குக் கண் வேண்டியதில்லை, விரல் போதும். மிக்சியைப் போட்டேன். மிக்சி சத்தத்தில் எவ்வளவு அமைதி இருக்கிறது தெரியுமா? அது ஓடும்வரை யாரும் உங்களுக்கு அட்வைஸ் சொல்ல முடியாது! சீரியல் மாமியார் திரும்பி வந்தாள். அவள் மருமகளைப் படுத்துகிற பாட்டைக் காதால் கேட்டபடி நான் அப்படியே தூங்கிப் போனேன். நல்ல தூக்கம். எழுந்ததும் பசித்தது. காமாட்சி மேல் இருந்த கோபம்கூட எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

நிம்மதி என்பது இவ்வளவுதான் போலிருக்கிறது. யாரும் கொண்டு வந்து கொடுக்க வேண்டாம். நம்மிடமிருந்து பிடுங்காமல் இருந்தால் போதும். ஆனால் இதற்கு யார் காசு கொடுத்து ரிசார்ட்டில் ரூம் போடுவார்கள்?

பாவம், இவர் பட்ட பாடுதான்! என்னிடம் வருவார், வாயைத் திறப்பார், மூடிக்கொண்டு போய்விடுவார். கேட்க வேண்டிய கேள்வியையெல்லாம் தோட்டத்து வாழை மரத்திடம் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரி. மறுபடி பச்சை கவுன், பிளாஸ்டிக் தொப்பி. நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். நான் மூச்சையெல்லாம் எண்ணவில்லை, மதியம் சாப்பாடு எப்போது கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நூற்று முப்பத்தைந்து என்றாள். கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை கண் கட்டைப் பிரித்தார்கள். முதலில் வெளிச்சம், அப்புறம் ஜன்னல், அப்புறம் ஜன்னல் கம்பி. கம்பியில் துரு இருந்தது. துரு தெரிந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். திரும்பினேன். கட்டிலோரம் எங்கள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

பல மாதம் கழித்து அந்த முகத்தைச் சரியாகப் பார்க்கிறேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. தாடியைக்கூட மழிக்கவில்லை. இத்தனை நாள் எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. அந்த மனுஷன் என்னைவிட அதிகமாகப் பயந்து போயிருந்தது அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"தெரியுதா?" என்றார். அவர் குரல் அவ்வளவு மெல்லியதாக வரும் என்று எனக்குத் தெரியாது.

"தெரியுதுங்க" என்றேன்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, வார்டு முழுக்கப் பார்க்க, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அழாதீங்க என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் பேசாமல் படுத்திருந்தேன்.

நர்ஸ்தான் ஓடி வந்து, "சார், டென்ஷன் ஆகாதீங்க சார்" என்றாள். சின்னப் பெண், இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம்.