தபால்காரி திரும்பி வருவாளா?

என் மனைவி நாராயணீயம் பாராயணம் செய்யும் கோஷ்டியோடு குருவாயூர் கிளம்பியது இது நான்காவது தடவை. முதல் மூன்று தடவையும் அவள் போய்ச் சேரவில்லை. முதல் தடவை என் ரத்த அழுத்தம் ஏறியது. இரண்டாவது தடவை மழை. மூன்றாவதற்குக் காரணமே தேவைப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தே டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள்.

செம்பூர் திலக் நகரில் இரண்டு அறை வீடு. நாங்கள் இரண்டே பேர். மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். நான் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. காஸ் குமிழ் இரண்டும் மூடியிருக்கிறதா, குக்கர் எத்தனை விசில் விட்டது, மார்க்கெட்டுக்குப் போனவள் ஏன் இன்னும் வரவில்லை. அவள் ஒரு கட்டு கீரை வாங்கிவருவதற்குள் நான்கு தடவை போன் செய்வேன். இதில் பன்னிரண்டு நாள் என்றால்?

“இந்தத் தடவை போயே தீருவேன்” என்றாள். “பத்துப் பேர் போறோம். வெள்ளிக்கிழமைக்குள்ள உண்டா இல்லையான்னு சொல்லணும். நான் வேண்டாம்னா அந்த இடத்துக்கு இன்னொருத்தி ரெடியா நிக்கறா. நீங்க வாயைத் திறக்கப்படாது.”

நான் வாயைத் திறக்கவில்லை. பெருமூச்சுதான் விட்டேன். அதையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

தாயின் புகாரைக் கேட்ட மகள் எனக்குப் போன் செய்தாள். “அப்பா, ஒரு விளையாட்டு அனுப்பியிருக்கேன். ஃப்ரீ. கதை விளையாட்டு. தனியாவே ஆடலாம்.”

மாதுங்காவில் பூங்கா பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தோம். மற்ற மூன்று பேரும் பிள்ளைகளோடு இருக்க வெவ்வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தக் கோபத்தில், “தனியா ஆடினா தோக்கறது யாரு?” என்றேன்.

“நீங்கதான். ஜெயிக்கறதும் நீங்கதான். மொதல்ல படிச்சுப் பாருங்கோ.”

ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். பதினான்கு பக்கம். அதில் ஒன்று வெற்றுத்தாள். பழைய வழக்கப்படி சிவப்புப் பென்சிலோடு மூன்று முறை படித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் படித்தேன். மூன்றாவது முறை பென்சில் மேஜையிலேயே கிடந்தது.

இவ்வளவுதான் விஷயம். ஒரு பொட்டலத்தை ஆபத்தான வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு ஆளை நாம் உண்டாக்க வேண்டும். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டை எடுத்தால் வழியில் என்ன வருகிறது என்று தெரியும். ஆர்ட்டின் என்றால் மனிதர், இஸ்பேட் என்றால் ஆபத்து, கிளாவர் என்றால் பாதை, டைமன் என்றால் ஏதோ ஒரு பொருள். சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பகடையை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் ‘ஆமாம், அதோடு’. ஐந்து வெறும் ஆமாம். நான்கு ‘ஆமாம், ஆனால்’. மூன்று ‘இல்லை, ஆனால்’. இரண்டு வெறும் இல்லை. ஒன்று விழுந்தால் ‘இல்லை, அதோடு’, அதாவது இல்லை என்பதோடு இன்னொரு கஷ்டமும். அந்த ‘ஆனால்’, ‘அதோடு’ இரண்டுக்கும் பிறகு வருவதை நாமே யோசித்து எழுத வேண்டும்.

என் ஆள் ஒரு தபால்காரி. காடு, மலை எல்லாம் எனக்குப் பழக்கமில்லை. அதனால் எங்கள் பக்கத்துச் சீத்தா கேம்ப்பைத் தாண்டி இருக்கும் கழிமுகத்தைப் பிடித்துக்கொண்டேன். சேறு, அலையாத்திச் செடிகள், நடுவில் நானாக வைத்த ஒரு தீவு. தீவில் ஒரு கோபுரம். மூடுபனியில் படகுகளுக்கு வழி காட்டும் மணி உடைந்துவிட்டது. புது மணியைத் தபால்காரி கொண்டுபோக வேண்டும்.

கையில் ஐந்து பொருள்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஒரு காலைப்பொழுது முழுக்க அதிலேயே போயிற்று. டார்ச் என்றால் செல் வேண்டாமா? செல் தனிப் பொருளா, டார்ச்சோடு சேர்த்தியா? குடை, கயிறு, ஜுர மாத்திரை, ஊக்கு, ஆதார் அட்டை நகல். தபால்காரி வாசலிலேயே நின்றாள். கடைசியில் அலுத்துப்போய் ஒரு சீட்டை எடுத்தேன். இஸ்பேட் ஒன்பது.

அந்தச் சீட்டுக்கு விளையாட்டுத் தாளில் ‘பின்தொடரும் ஆபத்து’ என்று போட்டிருந்தது. அவள் பின்னால் யாரோ வருகிறார்கள்! யார் என்று எனக்கே தெரியாது. எத்தனையோ வருஷமாக எனக்குத் தெரியாத எல்லாமே கவலையாகத்தான் இருந்தது. இது ஆவலாக இருந்தது. குடையையும் ஆதாரையும் வீட்டிலேயே விட்டுவிட்டு அவளை ஓடவிட்டேன். அன்று குக்கர் எத்தனை விசில் விட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு தினமும் காலையில் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்காகக் கிழக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். மேஜையில் சீட்டு, பகடை, காகிதம். கேள்வியை வாய்விட்டுக் கேட்டு உருட்டினால்தான் எனக்குச் சுவாரசியம்.

புதன்கிழமை. மனைவி பாராயண வகுப்புக்குப் போயிருந்தாள். தபால்காரி படகில் ஏறிவிட்டாள். காற்று எதிராக அடிக்கிறது. பகடையைக் கையில் குலுக்கி, “போறாளே, பத்திரமா திரும்பி வருவாளா?” என்று உரக்கக் கேட்டு உருட்டினேன். ஒன்று. “ஐயோ! இல்லை! அதோடு, படகும் போச்சு!” என்று கத்திவிட்டேன்.

வாசலில் ஏதோ நிழல் தெரிந்தது. எதிர் வீட்டு மாமி, கையில் எங்கள் வீட்டுப் பாத்திரத்தோடு நின்றாள். அவளும் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி, வகுப்புக்குப் போகிற வழி. பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டு, வந்த வேகத்தைவிட இரட்டிப்பு வேகத்தில் போய்விட்டாள்.

மனைவி வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “நான் போகலை” என்றாள்.

“எங்கே?”

“குருவாயூருக்கு. என்ன, தெரியாத மாதிரி கேக்கறேள்? என்னைப் பத்திப் பிரச்னம் வெச்சுப் பார்த்தேளாமே. திரும்பி வரமாட்டேன்னு வந்துதாமே. எதிராத்து மாமி அத்தனை பேர் நடுவுல சொல்றா. தனக்கு ஒண்ணு பார்க்கணும்னு வேற சொல்லிண்டிருக்கா.”

“பிரச்னமா? அது விளையாட்டுடி!”

“விளையாட்டுக்கு யாராவது குளிச்சு, விபூதி இட்டுண்டு, கிழக்கே பார்த்து உக்காருவாளா?”

அவள் பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். ஜோசியப் பணிக்கர் வந்து சோழி பரப்பிப் பிரச்னம் சொன்னால், எந்த நல்ல காரியமும் அந்த இடத்திலேயே நின்றுவிடும் வீடு அது. இல்லை என்று வந்த பிறகு வாசல்படி தாண்ட மாட்டார்கள்.

நான் சும்மா இருந்திருந்தால் போதும். அவள் வீட்டில் இருந்திருப்பாள். மூன்று தடவை நான் வேண்டிக்கொண்டது அதுதான். ஆனால் இந்தத் தடவை அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றதைப் பார்க்க என்னால் முடியவில்லை. போதாததற்கு, சேற்றில் ஒருத்தி மணியோடு நின்றுகொண்டிருக்கிறாள். அவளையும் பாதியில் விட முடியாது.

“இப்படி உக்காரு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். “திரும்பி வரமாட்டாள்னு சொன்னது இந்தத் தபால்காரியை. நீயே கேட்டுப் பாரு.” அவளுக்குத் தமிழ் படிக்கச் சரளமில்லை, மலையாளப் பள்ளிக்கூடம். நானே முதலிலிருந்து வாசித்தேன். இஸ்பேட் ஒன்பதில் அவள் செருப்பைக் கழற்றினாள். படகு கவிழ்ந்த இடத்தில், “கயிறு வெச்சிருந்தாளே, அது எங்கே?” என்று கேட்டாள்.

“கயிறு இருக்கு. மணியும் இருக்கு. இடுப்பளவு சேறு.”

“அப்போ நடக்கட்டும். புடவையை இழுத்துச் சொருகிண்டு நடக்கட்டும். படகு போச்சுன்னு உக்காந்து அழுவாளா?”

“அதைக் கேட்டுட்டு உருட்டு.”

பகடையைத் தொடத் தயங்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “நடந்தே போய்ச் சேருவாளா?” என்று உருட்டினாள். மூன்று.

“இல்லை, ஆனால்” என்றேன்.

“ஆனால்னா? என்ன ஆனால்?”

“அதை நீதான் சொல்லணும்.”

“நானா?”

“வேற யாரும் இல்லையே.”

நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். “முடியலை. சேத்துலேர்ந்து காலை எடுக்க வரலை. ஆனா, ஒரு கோலிக்காரி வரா. மீன் கூடையோட. மராட்டில திட்டறா, ‘ஏ வேடி, இத்தே காய் கர்தேஸ்’னு. பைத்தியமே, இங்கே என்னடி வேலைங்கறா. திட்டிண்டே கையை நீட்டறா. அவகிட்ட சின்னப் படகு இருக்கு. ஏக்தம் ஓட்டை, ஒழுகறது. ஆனா போகும்.”

நான் எழுத எழுத அவள் சொல்லிக்கொண்டே போனாள். அடுத்த சீட்டையும் என்னைக் கேட்காமல் அவளே எடுத்தாள். நடுவில் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“ஏன்னா, இது பிரச்னம் இல்லை” என்றாள். “பிரச்னத்துல அந்த ‘ஆனா’வைப் பணிக்கர் சொல்லுவார். இங்கே நான் சொல்றேன்.”

எழுந்து போய்க் கோஷ்டித் தலைவிக்குப் போன் செய்தாள். “நான் வரேன். என் இடத்தை யாருக்கும் குடுக்காதேங்கோ. பிரச்னமும் இல்லை ஒண்ணும் இல்லை, அவர் பகடை ஆடிண்டிருந்தார்.” அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, “காசு வெச்சு இல்லை!” என்று அதட்டிவிட்டு வைத்தாள். திரும்பி என்னிடம், “நான் இல்லாதப்போ கோலிக்காரியைக் கொன்னுடாதேங்கோ” என்றாள்.

ரயில் கிளம்பிய அன்று அவளை ஏற்றிவிட்டு வந்து, காஸ் குமிழை ஒரு தடவை பார்த்தேன். பிறகு உட்கார்ந்தேன். இரண்டு பெண்களும் தீவுக்கு வந்துவிட்டார்கள். கோபுரத்தின் கதவு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. சீட்டை எடுத்தேன், ஆர்ட்டின் ராணி. உள்ளே யாரோ இருக்கிறார்கள்! நாற்காலியில் இருக்க முடியாமல் எழுந்து நின்றுகொண்டே எழுதினேன்.

போன் அடித்தது. “என்னன்னா, ஒரு போன்கூட இல்லை? உடம்பு சரியாத்தானே இருக்கேள்?” ரயில் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கலங்கியிருந்தது.

“நன்னா இருக்கேன். இருடி, கதவு திறக்கப் போறது.”

“எந்தக் கதவு? கோபுரமா? வந்தாச்சா? இருங்கோ, இருங்கோ, ஸ்பீக்கர்ல போடறேன்.” பக்கத்தில் எதிர் வீட்டு மாமியின் குரல், “மாமா, சீக்கிரம் உருட்டுங்கோ, டனல் வரது, லைன் போயிடும்!”

“கதவு திறக்குமா?” என்று கேட்டு உருட்டினேன். உருட்டிய வேகத்தில் பகடை மேஜையைத் தாண்டித் தரையில் விழுந்து, ஓடி, பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

“என்ன விழுந்தது?” என்று மூன்று நான்கு குரல் ஒன்றாகக் கேட்டது.

“தெரியலை. பீரோவுக்கு அடியில இருக்கு.”

“முட்டி போடாதேங்கோ!” என்று அவள் கத்தினாள். “ஒட்டடைக் கம்பு கதவுக்குப் பின்னால இருக்கு. மெதுவாத் தள்ளுங்கோ, திருப்பிடாதேங்கோ. நான் லைன்லயே இருக்கேன்.”

நான் அதற்குள் தரையில் படுத்திருந்தேன்.